பணத்தை எடுத்துவிட்டு ஆடத் தயாரா?



ஐ.பி.எல். தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, போடிநாயக்கனூரிலும் பொட்டிபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் இளைஞர்கள் ஓர் ஏலத்திற்குக் கூடுகிறார்கள். எட்டுப் பேரோ பத்துப் பேரோ சேர்ந்தால் ஒரு லீக். ஒவ்வொருவரும் ஓர் அணியின் ‘ஓனர்’. ஒவ்வொருவர் கணக்கிலும் நூறு கோடி ரூபாய். அது கற்பனைப் பணம். ஒருவர் வீரர்களின் பெயர்களை வரிசையாக வாசிக்க, மற்றவர்கள் போட்டியிட்டு விலையை ஏற்றி எடுக்கிறார்கள். அதன் பின் இரண்டு மாதங்கள், அந்த வீரர் எடுக்கும் ஓட்டமும் விக்கெட்டும் பிடிக்கும் கேட்சும் இவர்களுடைய கணக்கில் புள்ளிகளாக ஏறுகின்றன. இடையில், காயம்பட்டவரைக் கொடுத்து நன்றாக ஆடுபவரை வாங்கும் ‘டிரேடு’ம் நடைபெறுகிறது.

இதுவரை சொன்னதில் மார்க்கம் கடிந்து பேசும் பொருள் ஏதுமில்லை. நேர விரயம் என்று வேண்டுமானால் கூறலாம். ஆனால் அந்த ஏலம் தொடங்குமுன் ‘என்ட்ரி’ என்ற பெயரில் ஒவ்வொருவரும் நடுவில் வைக்கும் ஐந்நூறோ ஆயிரமோ கற்பனைப் பணம் அன்று. போட்டித் தொடரின் முடிவில் முதலிடம் பெற்றவர் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் இடத்தவருக்கு ஒரு பங்கு. மற்ற அனைவரின் பணமும் போய்விடுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பணத்தைப் பற்றியது. அது ஹராம். அதை விளையாட்டு என்றும் திறமை என்றும் நட்பு என்றும் பெயர் மாற்றி அழைப்பதால் அதன் நிலை மாறிவிடாது.

இதற்கு எதிராக நம் இளைஞர்களும், அவர்களுக்குப் பரிந்து பேசும் சில பெரியவர்களும் கூறும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அவை சிந்தித்துச் சொல்லப்படும் வாதங்கள். சிந்தித்தே பதில் கூற வேண்டியவை.

ஏலம் விடுவதே ஹராமா?

இல்லை. சில பயான்களில், “மனிதர்களை ஏலம் விடுவது அடிமை வியாபாரம்” என்று முழங்குவதைக் கேட்கிறோம். இது அவசரத் தீர்ப்பு. ஐ.பி.எல். ஏலத்தில் மனிதர் விற்கப்படுவதில்லை. குறிப்பிட்ட காலம் ஓர் அணிக்காக ஆடும் உழைப்பு ஒப்பந்தத்திற்கே விலை கூறப்படுகிறது. அந்த ஊதியம் வீரருக்கே சேர்கிறது. ஃபிக்ஹு நூல்கள் இதை ‘இஜாரா’ என்ற தலைப்பின் கீழ் விளக்குகின்றன. 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தத் தொகை அளவுக்கு மீறியது என்று ஒருவர் கருதலாம். அதற்காக அதை அடிமை வியாபாரம் என்று கூற முடியாது. அதே வேளையில், “ஜித்தாவிலேயே நடந்ததே” என்று நம் லீக்குக்கு அதை ஆதாரமாக்குவதும் தவறு. ஹலாலும் ஹராமும் ஊரின் பெயரால் தீர்மானிக்கப்படுவதில்லை.

ஏலமும் நமக்குப் புதிதன்று. உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலத்தில் விட்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு திர்ஹமில் தொடங்கி, “இதைவிடக் கூட்டித் தருபவர் யார்?” என்று கேட்டு, இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹமுக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்கு ஒரு கோடரியும் வாங்கச் செய்து, விறகு வெட்டப் பணித்தார்கள். பதினைந்து நாள்களில் அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார். நபிகளார் நடத்திய ஏலம் ஒரு மனிதரின் கையில் கருவியையும் உழைப்பையும் கொடுத்தது. நம் இளைஞர்களின் ஏலம் அவர்களின் கையில் எதைக் கொடுக்கிறது என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஏலக்காய் விலையும் சூதுதானே?

போடியில் பிறந்தவர்களிடமிருந்து மட்டுமே வரக்கூடிய வாதம் இது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில், நம் ஊரிலும் மலைக்கு அப்பால் இடுக்கியின் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது, பிறகு சரிந்தது. மழை பொய்த்தாலும் விலை இறங்கினாலும் விவசாயிக்கு நட்டம். விலை ஏறினால் இலாபம். “அவர் அறியாத ஒன்றின் மீது பணத்தை வைக்கிறார், நாங்களும் வைக்கிறோம், என்ன வேறுபாடு?” என்று கேட்கிறார்கள்.

வேறுபாடு ஏலக்கூடத்திலேயே தெரிகிறது. அங்கே மூட்டை இருக்கிறது, எடை இருக்கிறது. வியாபாரியின் முன்னே மாதிரி கொட்டப்படுகிறது. நிறத்தையும் பருமனையும் பார்த்து அவர் விலை சொல்கிறார். ஏலம் முடிந்ததும் ஒருவரிடம் காய் போய்ச் சேர்கிறது, மற்றவரிடம் பணம் போய்ச் சேர்கிறது. இருவருமே ஏதோ ஒன்றைப் பெற்றுத் திரும்புகிறார்கள். வியாபாரத்தில் நட்டம் வரலாம். ஆனால் ஒருவரின் நட்டமே மற்றவரின் இலாபம் என்பது அங்கே ஒப்பந்தத்தின் நிபந்தனை அன்று.

லீக்கில் என்ன கைமாறுகிறது? வீரர் உங்களுடையவர் அல்லர். அவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னை அணிக்கும், ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்கும் மாறியபோது உண்மையான ஒப்பந்தங்கள் கைமாறின. உங்கள் ‘டிரேடு’ நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவது மட்டுமே. பணமின்றிச் செய்தால் அது வெறும் ஆட்டம், அதில் குற்றமில்லை. “அவரைக் கொடு, மேலே இருநூறு ரூபாய் தருகிறேன்” என்று சொல்லும்போது, தன் கைவசம் இல்லாததை விற்கக் கூடாது என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட தடைக்குள் வந்துவிடுகிறீர்கள். விற்பவரிடமும் பொருள் இல்லை. வாங்குபவருக்கும் பொருள் வரப்போவதில்லை.

இது திறமை ஆட்டமாயிற்றே?

மிக அதிகமாகச் சொல்லப்படும் வாதம் இதுவே. இதன் வரலாறும் நீண்டது. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களை வைத்து இத்தகைய ஏல லீக்கைத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது ‘ரோட்டிசரி லீக்’ எனப்பட்டது. 260 டாலருக்குள் 23 வீரர்களை எடுக்க வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. நம் நாட்டில் 2008இல் தொடங்கப்பட்ட ட்ரீம்11 நிறுவனம் இதைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்து பரப்பியது: 100 புள்ளி மதிப்புக்குள் 11 வீரர்கள், கேப்டனுக்கு இருமடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. 2017இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், இதில் திறமையே மேலோங்கியுள்ளது என்று கூறி, சூதாட்டச் சட்டத்திற்கு வெளியே நிறுத்தியது. அன்று முதல் “நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டது” என்பது நம் இளைஞர்களின் கேடயம்.

திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த மைதானத்தில் சுழற்பந்து எடுபடும், யார் இடது கையரிடம் தடுமாறுவார் என்பதையெல்லாம் என் மாணவர்கள் ஸர்ஃப் வாய்ப்பாடுகளைவிடத் தெளிவாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஷரீஅத் கேட்கும் கேள்வி அதுவன்று. நம் பகுதி ராவுத்தர் சமுதாயம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), ‘கிமார்’ என்ற சொல்லைச் சந்திரனைக் குறிக்கும் ‘கமர்’ என்பதோடு இணைத்து விளக்குகிறார்கள். நிலவு வளர்ந்து தேய்வதுபோல் சூதாடுபவரின் செல்வமும் கூடும், குறையும். ஒருவரின் பொருள் மற்றவருக்குப் போகலாம், மற்றவரின் பொருள் இவருக்கு வரலாம் என்ற நிலையில் இருவரும் நிற்கிறார்கள். இந்த இலக்கணத்தில் ‘திறமை’ என்ற சொல்லே இல்லை. யார் பணம் வைத்தார், தோற்றால் யாருடையது போகிறது என்பதே கேள்வி.

குதிரையேற்றத்தில் திறமை இல்லையா? அம்பெய்தலில் இல்லையா? நபி (ஸல்) அவர்கள் பரிசுக்கு அனுமதித்த பந்தயங்களே ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றைச் சார்ந்தவைதாம். அவற்றில்கூட, போட்டியிடும் இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதை ஃபுகஹாக்கள் தடுத்தார்கள். மூன்றாமவர் பரிசு தரலாம். இருவரில் ஒருவர் மட்டும் “நீ வென்றால் நான் தருகிறேன்” எனலாம். இருபுறமும் பணம் வைப்பதாயின், பணம் வைக்காத மூன்றாம் போட்டியாளர் ஒருவர் இடையில் இருந்தாக வேண்டும். ஜிஹாதுக்குப் பயிற்சியான, உடலை வருத்திப் பெற்ற திறமைக்கே இத்தனை வரையறை என்றால், திண்ணையில் அமர்ந்து, வேறொருவர் அடிக்கும் சிக்ஸருக்குப் பணம் வாங்குவதற்கு எந்த வாசல் திறக்கும்?

கொஞ்சம் படித்த தம்பிகள் இங்கே அபூபக்ர் (ரழி) அவர்களைக் கொண்டுவருகிறார்கள். ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்ற அர்ரூம் அத்தியாயத்தின் முன்னறிவிப்பை நம்பி அவர்கள் குறைஷிகளிடம் பந்தயம் கட்டியது உண்மை. அது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன்பு நடந்தது என்று திர்மிதியின் அறிவிப்பே தெளிவுபடுத்துகிறது. மேலும், அவர்கள் அல்லாஹ்வின் வாக்குறுதியை உறுதிப்படுத்த நின்றார்கள். நீங்கள் பவர்பிளேயில் யார் ரன் எடுப்பார் என்பதற்காக நிற்கிறீர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வென்றவர் விருந்து வைக்கிறாரே? தொகையும் சிறிதுதானே?

ஜாஹிலிய்யாக் காலத்து ‘மைசிர்’ எப்படி நடந்தது தெரியுமா? ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். பத்து அம்புகளில் ஏழுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைச் செலுத்துவார். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, அதையே பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். பஞ்ச காலத்தில் அது ஊருக்கு உதவியாகவும் இருந்தது. அல்பகரா அத்தியாயம் (2:219) அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை; பாவம் பயனைவிடப் பெரிது என்றே கூறுகிறது. பின்னர் அல்மாயிதா (5:90, 91) அதை முற்றாகத் தடுத்தது. ஏழைகளுக்கு உணவிட்ட சூதே தடை செய்யப்பட்டதென்றால், பத்து நண்பர்களுக்கு பிரியாணி போட்ட சூது எப்படி ஆகுமாகும்?

தொகை சிறிது என்பதும் பதிலாகாது. “வா, சூதாடுவோம்” என்று வாயால் அழைத்தவரே அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து. அழைப்புக்கே இந்த நிலை.

மேலும், யாருக்குச் சிறிது? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் பறித்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்பும் தாய்மார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! சம்பாதிக்கத் தொடங்காத ஒரு பையன் வைக்கும் ஐந்நூறு ரூபாய் அந்த ஜீப்பில் ஏறிச் சென்றுதான் வந்திருக்கிறது. அவன் தோற்றால் அவளுடைய கூலி தோற்றது. அவன் வென்றால் இன்னொரு தாயின் கூலியை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இதைத்தான் ‘ஜாலிக்காக’ என்கிறார்கள்.

அல்மாயிதா வசனம் சூதின் இரு விளைவுகளைக் குறிப்பிடுகிறது: பகைமை, தொழுகையை விட்டும் தடுக்கப்படுதல். இரண்டும் நம் கண்முன்னே நிகழ்கின்றன. புள்ளிக் கணக்கிலும், காயம்பட்டவருக்கு மாற்று எடுப்பதிலும் எழும் சச்சரவுகள் நண்பர்களை மாதக்கணக்கில் பேசாதவர்களாக்குகின்றன. மாலை ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு ஆட்டம். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் கைப்பேசியின் மீது கவிந்த தலைகள். 2024இல் ரமளானின் நடுவில், மார்ச் 22 அன்று, ஐ.பி.எல். தொடங்கியது. தராவீஹின் பின் ஸஃப்புகள் எப்படி இருந்தன என்பதை அவரவர் மஹல்லாவில் பார்த்தவர்கள் அறிவார்கள். பணமில்லாமல் ஆட்டம் பார்ப்பவரும் தொழுகையைத் தவறவிடக்கூடும்; ஆனால் பணம் வைத்தவரால் எழுந்து வருவது மேலும் கடினம்.

செயலிதானே தடை? நாங்கள் நண்பர்கள்தானே?

தமிழ்நாடு அரசு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வழக்கறிஞர்கள் திறமைக்கும் அதிர்ஷ்டத்திற்கும் இடையே கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இறுதியில், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் தடை என்றது. ஃபுகஹாக்கள் முன்பே நின்ற இடத்திற்கு நாடாளுமன்றம் வந்து சேர்ந்தது: எவ்வளவு திறமை என்று பார்க்காதே, பணம் இருக்கிறதா என்று பார்.

உடனே ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்து அதன் பெயரும் நீங்கியது. கட்டணம் நின்றதும் தங்கள் வருவாயின் மிகப் பெரும் பகுதி போய்விட்டதாக அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரியே கூறினார். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்டம் அப்படியே இருந்தது, வீரர்கள் இருந்தார்கள், ஆராய்ந்து அணி அமைக்கும் வாய்ப்பு இலவசமாகவே இருந்தது. பணம் மட்டுமே எடுக்கப்பட்டது. அதோடு வியாபாரமும் போயிற்று என்றால், அங்கே விற்கப்பட்டது எது?

செயலி மூடப்பட்டதும் நம் இளைஞர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவுக்கு நகர்ந்தார்கள். “நிறுவனம் கமிஷன் எடுக்கவில்லை; நாங்களே பிரித்துக்கொள்கிறோம்” என்பது இப்போதைய நியாயம். கமிஷன் எடுக்காததால் சூது ஹலாலாகாது. அரசு எதைப் பிடிக்கும், எதை விடும் என்பது காவல் துறையின் கணக்கு. மறுமையின் கணக்கில் வாட்ஸ்அப் குழுவுக்கென்று தனிப் பிரிவு இல்லை.

பெரியவர்களுக்கும் ஒரு சொல்

இளைஞர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் இறங்கிப் போக முடியாது. “ஏலச்சீட்டில் தள்ளி எடுக்கிறீர்களே, அது மட்டும் ஆகுமா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவசரத் தேவையில் இருப்பவர் பல ஆயிரங்களைத் தள்ளிக்கொடுத்துத் தன் சீட்டை எடுக்க, அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறையை உலமாக்கள் வட்டியின் வாசலாகவே எச்சரித்துள்ளார்கள். அதில் கலந்துகொண்டே இளைஞரின் லீக்கைக் கண்டிப்பவரின் சொல் காதில் ஏறாது.

கிரிக்கெட்டையே ஷைத்தானின் வேலை என்று பேசுபவர்களும் இதே தீங்கைச் செய்கிறார்கள். ஹலாலான ஆட்டத்தையும் ஹராமான பந்தயத்தையும் ஒரே மூட்டையில் கட்டி எறிந்தால், இளைஞன் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வான். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று சரியாகக் காட்டுபவரின் பேச்சையே அவன் மதிப்பான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நடுவில் இருக்கும் பணத்தை இன்றே திருப்பிக் கொடுங்கள். சென்ற ஆண்டுகளில் வென்று எடுத்ததும் உங்களுடையதன்று. கொடுத்தவர்களைத் தேடி, அவரவர் பங்கை ஒப்படையுங்கள். ஆளைக் கண்டறிய இயலாதபோது, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதோடு தவ்பாவும் செய்யுங்கள்.

இரண்டாவது, ஆட விரும்பினால் பணமின்றி ஆடுங்கள். ஏலம் விடுங்கள், வீரர்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கெழுதுங்கள். தொழுகை நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாதத்திற்கு இதைவிடச் சிறந்த பரிசோதனை இல்லை. திறமையே இன்பம் என்றால் பணமில்லாமலும் அது இனிக்கும். பணத்தை எடுத்ததும் பத்தில் எட்டுப் பேர் எழுந்து போய்விட்டால், அவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போது விளங்கிவிடும்.

மூன்றாவது, ஜமாஅத்துகளும் வசதி படைத்தவர்களும், நம் பிள்ளைகள் தாமே மட்டை பிடித்து ஆடும் போட்டிகளுக்குப் பரிசளிக்க முன்வரட்டும். நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி அதையே பரிசாக்கும் இப்போதைய வழக்கம் போட்டிகளிலும் புகுந்துள்ளது, அதையும் நிறுத்துங்கள். வெளியிலிருந்து ஒருவர் தரும் கோப்பை அன்பளிப்பு. ஆடுபவர்கள் போட்டு, வென்றவர் எடுத்தால் பந்தயம். நடைமுறையில் ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைகளை ஹலாலான உழைப்பின் பக்கம் திருப்புவானாக. ஒருவர் மற்றவரின் பொருளை வீணே உண்பதிலிருந்து நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.